காலையில் கார் ‘ஸ்டார்ட்’ ஆகவில்லையா? பேட்டரியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்

விடியற்காலை நாலரை மணி. பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போக வேண்டியவர் காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். ‘டிக், டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. மீட்டர் விளக்குகள் மங்கி அணைகின்றன. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “அண்ணே, கொஞ்சம் ஜம்ப் பண்ணிக் கொடுங்கண்ணே” என்று கேட்கிறார். அவரும் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகிறார். இருட்டில் இரண்டு கார்களின் போனட்டும் திறக்கப்படுகின்றன. சிவப்பு ஒயர் எங்கே, கறுப்பு ஒயர் எங்கே என்று இருவருக்கும் சந்தேகம்.

மாசாய், ஸ்கூடாய், உலு திராம் தாமான்களில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். அங்கே நள்ளிரவில் கூப்பிட்டவுடன் பட்டறைக்காரர் வந்துவிட மாட்டார். பெரியவருக்கு நெஞ்சு வலி, பிள்ளைக்குக் காலையில் எஸ்.பி.எம். தேர்வு என்றிருக்கும் நேரத்தில் கார் அசையாமல் நின்றால் என்ன செய்வது?

பேட்டரி பெரும்பாலும் ஒரே நாளில் செத்துவிடுவதில்லை. பல வாரங்களாக அது சொல்லிக்கொண்டே இருக்கும். நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது என்ன சொல்கிறது, நின்றுவிட்டால் ஆபத்து இல்லாமல் எப்படி எழுப்புவது, பிறகு எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

நம் கார்களில் உள்ள ஈய அமில பேட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட். ‘12 வோல்ட் பேட்டரி’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஒரு காலத்தில் கார் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் என்ஜினை எழுப்பினார்கள். கை பிசகினால் எலும்பு முறியும். 1912-ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அன்றிலிருந்து என்ஜினைச் சுழற்றும் வேலை பேட்டரியின் தலையில் விழுந்தது. சில விநாடிகளே நடக்கும் வேலைதான். ஆனால், நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தை அது ஒரே மூச்சில் கொடுக்க வேண்டும்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் அல்டர்னேட்டர் மின்சாரம் தயாரித்து, கொடுத்த சக்தியை பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பேட்டரி என்பது சேமிப்புக் கணக்கு மாதிரி. எடுத்ததைத் திருப்பிப் போடாவிட்டால் ஒரு நாள் கணக்கு காலியாகும்.

நம் ஊரில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

முதல் காரணம் வெப்பம். சூடு கூடக் கூட பேட்டரிக்குள் ரசாயன வினை வேகமாக நடக்கும், தகடுகள் அரிக்கும், தண்ணீர் வற்றும். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் கார், போனட்டுக்குள் என்ஜின் சூடு என்று இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. குளிர் நாடுகளில் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கும் பேட்டரி இங்கே இரண்டு, மூன்று ஆண்டுகளில் களைத்துப் போவது இதனால்தான்.

இரண்டாவது காரணம், குறுகிய தூர ஓட்டம். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஐந்து நிமிடம், பள்ளிக்கூடம்வரை ஏழு நிமிடம். ஸ்டார்ட் செய்ய எடுத்த சக்தியையும், ஏர்கோனுக்கும் விளக்குக்கும் போகும் சக்தியையும் ஈடுகட்ட இந்த நேரம் போதாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறுகிறது.

மூன்றாவது காரணம், ஓடாமலே நிற்பது. ஜொகூர் மக்கள் இந்தப் பாடத்தை ஒரேயடியாகக் கற்றுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அதற்கு முதல் நாளே சிங்கப்பூருக்குள் போய்த் தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களின் கார்கள் இங்கே வீட்டு வாசலிலும் நிலையத்து நிறுத்துமிடங்களிலும் நின்றன. தரைவழி எல்லை 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் முழுமையாகத் திறந்தது. இடையில் சிலர் விடுப்பில் வந்து போனாலும், பல கார்கள் மாதக்கணக்கில் சாவி படாமல் கிடந்தன.

நிற்கும் காரும் மின்சாரம் தின்னும் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. கடிகாரம், அலாரம், கதவுப் பூட்டு, கணினிப் பெட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிறகு பொருத்திய டேஷ்கேம், பெரிய ஸ்பீக்கர் ஆகியவற்றின் ஒயர் சரியாக இணைக்கப்படாவிட்டால் சில நாளிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். தீர்ந்த நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் திரும்பாது.

பேட்டரி சொல்லும் அறிகுறிகள்

காலையில் முதல் ஸ்டார்ட் இழுவையாக, சோம்பலாக இருக்கிறதா? என்ஜின் சும்மா ஓடும்போது விளக்கு மங்கி, எண்ணெய் மிதித்தால் பிரகாசமாகிறதா? ஸ்டார்ட் செய்தவுடன் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போகிறதா? முனைகளில் வெள்ளை அல்லது பச்சை நிறத் தூள் பூத்திருக்கிறதா? இவையெல்லாம் முன்னறிவிப்புகள்.

கார் நின்றுவிட்டால் சத்தத்தை வைத்தே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம். ‘டிக் டிக்’ என்று அடுக்கடுக்காகக் கேட்டு விளக்கும் மங்கினால், பேட்டரி பலவீனம். விளக்கு பளிச்சென்று எரிந்தும் என்ஜின் சுற்றவே இல்லையென்றால், முனை தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டரில் கோளாறு இருக்கலாம். ஆட்டோ காரில் கியர் ‘பி’யில் இருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜம்ப் செய்வதற்கு முன்

முதல் எச்சரிக்கை தோட்டத்து மக்களுக்கு. பக்கத்தில் கார் இல்லை, லோரிதான் நிற்கிறது என்று அதிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். பெரிய லோரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். அதை உங்கள் மைவியில் கொடுத்தால் கணினிப் பெட்டி முதல் விளக்குவரை கருகிவிடும். செலவு பேட்டரி விலையைப்போல் பல மடங்காகும். டிராக்டராக இருந்தாலும் 12 வோல்ட்தானா என்று உறுதி செய்த பிறகே தொடுங்கள்.

இரண்டாவது, பேட்டரியைக் கண்ணால் பாருங்கள். உப்பியிருந்தால், வெடிப்பு இருந்தால், அமிலம் கசிந்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஜம்ப் செய்யக் கூடாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தில் சிகரெட், லைட்டர் கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். பேட்டரி வெடித்தால் அமிலம் முகத்தில் தெறிக்கும். இருட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் கைப்பேசி விளக்கைப் பயன்படுத்துங்கள். கையில் மோதிரம், இரும்பு வளையல் இருந்தால் கழற்றி வையுங்கள்.

ஒயர் மாட்டும் வரிசை

இரண்டு கார்களையும் அருகில் நிறுத்துங்கள். ஆனால் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டிலும் என்ஜினை அடைத்து, கியரை ‘பி’யில் அல்லது நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுங்கள். விளக்கு, ஏர்கோன், ரேடியோ எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். பிறகு இந்த வரிசைப்படி செய்யுங்கள்:

1. சிவப்பு ஒயரின் ஒரு கவ்வியை, நின்றுபோன காரின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள். ‘+’ குறி இருக்கும்.
2. சிவப்பு ஒயரின் மறு கவ்வியை, நல்ல காரின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள்.
3. கறுப்பு ஒயரின் ஒரு கவ்வியை, நல்ல காரின் நெகட்டிவ் முனையில் மாட்டுங்கள். ‘–’ குறி இருக்கும்.
4. கறுப்பு ஒயரின் மறு கவ்வியை, நின்றுபோன காரின் பேட்டரியில் மாட்டாதீர்கள். பேட்டரிக்குத் தள்ளி, என்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்புப் பகுதி ஒன்றில் மாட்டுங்கள்.

நான்காவது படியில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நெகட்டிவ் முனையில் மாட்டினாலும் கார் ஸ்டார்ட் ஆகும், உண்மைதான். ஆனால் கடைசிக் கவ்வி தொடும் நொடியில் ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறி வாயு வெளிவரும் பேட்டரியின் மேலேயே பறப்பதற்கும் தள்ளிப் பறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நூறு தடவை ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். நூற்றோராவது தடவை கண் போகலாம்.

சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டுவதும் பெரிய ஆபத்து. பெரிய பியூஸ் வெடிக்கும், அல்டர்னேட்டர் கெடும், கணினிப் பெட்டி போகும். நிறத்தை மட்டும் நம்பாமல் முனையில் உள்ள குறியைப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு நின்றுபோன காரை ஸ்டார்ட் செய்து பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடித்திருக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலலாம். நாலைந்து முறை முயன்றும் எழவில்லையென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

எழுந்தவுடன், மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். இரும்பில் மாட்டிய கறுப்புக் கவ்வி முதலில், சிவப்பு கடைசியில். கழற்றும்போது கவ்விகள் ஒன்றோடொன்று தொடக் கூடாது. பிறகு உடனே என்ஜினை அடைத்துவிடாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். வழியில் பெட்ரோல் நிலையத்தில் அடைத்துவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஒரு முக்கியமான விஷயம். ஜம்ப் செய்வது ஊன்றுகோல் மாதிரி. நடக்க உதவும், நோயைத் தீர்க்காது. அன்றே பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

1985-இல் வந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் காலத்து ஆட்களுக்கு இது கைவந்த கலை. சாவியை ‘ஆன்’ செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரைப் போட்டு, நாலு பேர் தள்ள, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் என்ஜின் உறுமிக்கொண்டு எழும். தோட்டத்து லயத்து வாசலில் தள்ளிவிட்டுச் சிரித்த பிள்ளைகள் இன்று தாத்தா ஆகிவிட்டார்கள்.

அந்த வித்தை மேனுவல் காருக்குத்தான். ஆட்டோ காரை எத்தனை பேர் தள்ளினாலும் எழுப்ப முடியாது. இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஆட்டோ கார். அதனால்தான் ஜம்பர் ஒயரும், அதை மாட்டத் தெரிந்த ஒருவரும் ஒவ்வொரு வீட்டிலும் தேவை. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் கருவியும் நல்லதுதான். ஆனால் அதை நாள் முழுதும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். சில மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் செய்து வையுங்கள்.

பேட்டரியா, அல்டர்னேட்டரா?

இது என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என் கார் நின்றது. வந்த ஒருவர் எதையும் அளக்காமல் புதிய பேட்டரி மாட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் மறுபடி நின்றது. இன்னொருவர் வந்தார். அவரும் பேட்டரிதான் சரியில்லை என்று வேறொன்று மாட்டினார். மூன்றாவது முறை நின்றபோது வந்த ஒரு வயதான மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து சின்ன மீட்டரை எடுத்து இரண்டு நிமிடம் அளந்தார். “தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. அல்டர்னேட்டர் சார்ஜே பண்ணல” என்றார். வீணாய்ப் போன பணம் போனதுதான்.

அன்றே ஹார்ட்வேர் கடையில் சில பத்து வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். நீங்களும் வாங்கி வைக்கலாம். படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களே அளந்து சொல்வார்கள்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்புக் கம்பியைப் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பைக் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். இரவெல்லாம் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளக்க வேண்டும்.

- 12.6 வோல்ட் அல்லது மேல்: முழு சார்ஜ்.
- 12.4: முக்கால் பங்கு.
- 12.2: பாதி. இப்போதே சார்ஜ் செய்ய வேண்டும்.
- 12.0-க்குக் கீழ்: ஏறக்குறைய காலி.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட்வரை காட்டினால் அல்டர்னேட்டர் வேலை செய்கிறது. என்ஜின் ஓடியும் 12-ஐச் சுற்றியே நின்றால் குற்றவாளி அல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட். 15-ஐத் தாண்டினால் அதுவும் கோளாறு. பேட்டரியை வேகவைத்துவிடும்.

பட்டறையில் பேட்டரி மாற்றச் சொன்னால், “முதலில் அளந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பராமரிப்பு

மாதம் ஒரு முறை போனட்டைத் திறந்து பாருங்கள். முனைகளில் தூள் பூத்திருந்தால் என்ஜினை அடைத்துவிட்டு, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையில் கழற்றுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள். திருப்பி மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் கண்ணில் படக் கூடாது.

மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் தண்ணீர் அளவைப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் பெட்ரோல் நிலையத்தில் விற்கும் பேட்டரித் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரிலும், குடிக்கும் மினரல் தண்ணீரிலும் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தை நீங்களாக ஊற்றவே கூடாது.

மூடி திறக்காத வகையில் சிலவற்றில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். நிறத்தின் பொருள் பேட்டரி மேலேயே எழுதியிருக்கும். அது ஆறு அறைகளில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டுகிறது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வார நாளில் கார் நின்றே கிடக்கிறதா? 2025 ஜனவரி முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது. அதில் ஒரு நாள் அரை மணி நேரம் காரை வெளியே எடுங்கள். வாசலில் நிறுத்தியபடி பத்து நிமிடம் ஓடவிடுவதில் பெரிய பயன் இல்லை. என்ஜின் சும்மா ஓடும்போது சார்ஜ் குறைவாகத்தான் ஏறும். ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லையென்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கலாம். கடிகாரமும் ரேடியோவும் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வாங்கும்போதும், தூக்கிப் போடும்போதும்

பழைய பேட்டரியின் மேலுள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவும், முனைகள் இருக்கும் பக்கமும் அதே மாதிரி இருக்க வேண்டும். சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணையும் வகை கார் என்றால், அதற்கென்றே உள்ள பேட்டரிதான் வேண்டும். விலை குறைவு என்று சாதாரண வகையை மாட்டினால் சீக்கிரம் போகும். கடையில் நெடுநாள் கிடந்த சரக்கா என்று தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். உத்தரவாத அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையிலோ செம்பனைக் காட்டிலோ வீசாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. ஈயமும் அமிலமும் மண்ணில் இறங்கினால் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகும். சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். கடையில் கொடுத்தால் புதிய பேட்டரி விலையில் கழித்துக்கொள்வார்கள். அங்கிருந்து அது மறுசுழற்சிக்குப் போகும்.

வழியில் நின்றுவிட்டால்

நெடுஞ்சாலையில் நின்றால் அவசரத் தடத்தில் நின்று ஜம்ப் செய்ய முயலாதீர்கள். இரட்டைச் சமிக்ஞை விளக்கைப் போட்டு, எல்லோரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 என்ற பிளஸ் எண்ணை அழையுங்கள். உங்கள் காப்புறுதியில் சாலை உதவிச் சேவை இருக்கிறதா என்று இன்றே பார்த்து, அந்த எண்ணையும் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

வீட்டில் உயிர் போகும் அவசரம் என்றால் காரோடு போராடி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் 999. பிறகு பக்கத்து வீட்டுக் கார். பேட்டரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நிலை வராமலிருக்க, இந்த வார விடுமுறையில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போனட்டைத் திறந்து, முனைகளைப் பார்த்து, பேட்டரி வாங்கிய தேதியைக் கவனித்து, ஒரு தடவை அளந்துவிடுங்கள். வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும், அம்மாவுக்கும் அக்காவுக்கும்கூட, அந்த நாலாவது கவ்வியை எங்கே மாட்ட வேண்டும் என்று பகல் வெளிச்சத்தில் காட்டிக் கொடுங்கள்.